சாய்தளம் கட்டிய பிறகும் ஏன் எவரும் உள்ளே வரவில்லை?

கேள்வி: நூலகக் குழு உறுப்பினர்

வணக்கம். நான் கட்டடத் தொழில் அறிந்தவன் அல்லன். ஒரு பொது நூலகத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன். தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட எங்கள் பழைய கட்டடத்தைச் சென்ற ஆண்டு புதுப்பித்தபோது, முகப்பிலுள்ள மூன்று படிகளை ஒட்டி ஒரு சாய்தளம் கட்டினோம். அந்த வேலை முடிந்த நாளில், மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு நிறைவுற்றது என்று குழுவின் குறிப்பேட்டில் பதிந்தோம். அந்த வரியை எழுதியவன் நானே. ஓராண்டு கழிந்துவிட்டது, சக்கர நாற்காலியில் ஒருவர்கூட அதன் வழியாக வரவில்லை. புத்தகப் பெட்டிகளைக் கொண்டுவரும் தள்ளுவண்டி மட்டுமே அதில் ஏறுகிறது, அதையும் இருவர் சேர்ந்து தள்ள வேண்டியிருக்கிறது.

அண்மையில் நடந்த கூட்டத்தில் ஒருவர், "இந்தப் பகுதியில் அப்படிப்பட்டவர்கள் இல்லை போலும்" என்றார். உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கும்போது, அவர் சொன்னதை என்னால் ஏற்க இயலவில்லை. அவர்கள் இருக்கிறார்கள், எங்களிடம் வரவில்லை என்பதே உண்மையாக இருக்க வேண்டும்.

எனவே இரண்டு கேள்விகள். எங்கள் சாய்தளத்தில் என்ன பிழை? ஒரு படியின் உயரம் 150 மில்லிமீட்டர். சாய்தளத்தின் நீளம் 2.7 மீட்டர், அகலம் 900 மில்லிமீட்டர். இரண்டாவது கேள்வி சற்றே அடிப்படையானது. இயலாமை என்பது உடலைச் சேர்ந்ததா, கட்டடத்தைச் சேர்ந்ததா? எங்கள் குழுவில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏதோ கொடை வழங்குவதைப் போன்ற தொனி வந்துவிடுகிறது. அது தவறு என்று மனம் சொல்கிறது. ஆனால் அதை எடுத்துச் சொல்லத் தெளிவான சொற்கள் என்னிடம் இல்லை.

மறுமொழி 1: சக்கரவழி

தண்டுவடக் காயத்துக்குப் பிறகு 16 ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இயங்குபவன் நான். உங்கள் முதல் கேள்விக்கான விடை நீங்கள் கொடுத்த அளவுகளிலேயே இருக்கிறது. மூன்று படிகளின் மொத்த உயரம் 450 மில்லிமீட்டர். அதை 2.7 மீட்டர் நீளத்தில் ஏறச் சொல்கிறீர்கள் என்றால் சரிவு 1:6. பல நாடுகளின் விதிகள் ஏற்றுக்கொள்ளும் மிகச் செங்குத்தான சரிவே 1:12 தான். அதன்படி உங்களுக்கு 5.4 மீட்டர் நீளம் தேவைப்பட்டிருக்கும்.

எண்ணாகப் பார்க்கும்போது இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம், கைக்கு அப்படி இல்லை. நானும் என் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:12 சரிவில் பின்னோக்கி உருளாமல் நிற்பதற்கே சுமார் 7.5 கிலோ எடையைத் தாங்கும் விசை வேண்டும்; 1:6 சரிவில் அது 15 கிலோவை நெருங்குகிறது. சக்கரத்தைத் தள்ளிவிட்டு அடுத்த தள்ளலுக்காகக் கையை எடுக்கும் ஒவ்வொரு நொடியிலும் அந்தச் சுமை என்னைக் கீழே இழுக்கும். அதைவிட அஞ்ச வேண்டியது, முன்சக்கரங்கள் தரையை விட்டு மேலெழுந்து நாற்காலி பின்புறமாகக் கவிழ்வது. இத்தகைய சாய்தளத்தை நான் தொலைவிலிருந்தே கண்டுகொள்வேன். கண்ட உடனே திரும்பிவிடுவேன். நான் வந்ததும் திரும்பியதும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் "அப்படிப்பட்டவர்கள் இல்லை போலும்" என்று அவர்களால் சொல்ல முடிகிறது.

இரண்டாவது கேள்விக்கு நம் இலக்கணமே உதவும். முடங்குதல் தன்வினை, முடக்குதல் பிறவினை. "அவர் முடங்கிப் போனார்" என்று சொன்னால் காரணம் அவருக்குள் இருப்பதாக ஆகிறது. "படிக்கட்டு அவரை முடக்கியது" என்று சொல்லும்போது செய்தவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. என் கால்கள் இயங்காதது என் உடலின் குறைபாடு. நூலகத்துக்குள் நான் நுழைய முடியாதது அந்த வாசலை வரைந்தவரும் கட்டியவரும் ஒப்புதல் அளித்தவரும் சேர்ந்து உண்டாக்கிய இயலாமை. 1970களில் பிரிட்டனில் உடற்குறைபாடு உடையவர்களே அமைத்த ஓர் ஒன்றியம் இந்த வேறுபாட்டை 1976இல் எழுத்தில் வைத்தது. பின்னர் 1983இல் மைக்கேல் ஆலிவர் என்ற அறிஞர் அதற்குச் 'சமூக மாதிரி' என்று பெயரிட்டார். அவரும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவரே.

எல்லாத் துன்பத்தையும் கட்டடத்தின் மேல் ஏற்றிவிட முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் எனக்கு வரும் நரம்பு வலியை எந்தச் சாய்தளமும் நீக்காது. ஆயினும் வலி என்னை நூலகத்துக்கு வரவிடாமல் தடுத்த நாள்களைவிடப் படிகள் தடுத்த நாள்களே மிகுதி.

கொடை என்ற தொனியைப் பற்றி ஒன்று. 2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்று, 2008 மே 3 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பு, கட்டடங்களையும் சாலைகளையும் போக்குவரத்தையும் பிறருக்கு நிகராக அணுகும் வாய்ப்பை உறுதி செய்வது அரசுகளின் கடமை என்கிறது. கடமை என்ற சொல் இருக்கும் இடத்தில் கொடைக்கு வேலையில்லை என்று உங்கள் குழுவிடம் சொல்லலாம்.

மறுமொழி 2: அளவுநாடா

கட்டடப் பொறியாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிகிறேன். சக்கரவழி அவர்கள் சரிவைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. அதோடு சேர்த்து, சாய்தளத்தின் உச்சியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே சமதளம் இல்லாமல் சரிவு நேரே கதவில் போய் முட்டினால், ஒருவர் பின்னோக்கி உருளாதபடி ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கதவைத் தன் பக்கம் இழுக்க வேண்டியிருக்கும். குறைந்தது 1.5 மீட்டர் நீள அகலமுள்ள சமதளம் அந்த இடத்தில் தேவை. ஒரே ஓட்டத்தில் 760 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் ஏறச் செய்யக்கூடாது, இடையில் தங்குதளம் வேண்டும் என்பது அமெரிக்க விதி. உங்களுடையது 450 என்பதால் அந்தக் கவலை இல்லை. இருபுறமும் கைப்பிடி வேண்டும், ஏனென்றால் பக்கவாதத்தால் ஒரு கை மட்டும் இயங்குபவருக்கு ஏறும்போது உதவும் பக்கம் இறங்கும்போது உதவாது.

நான் பார்த்த திட்டங்களில் மீண்டும் மீண்டும் நிகழும் பிழை, அணுகல்தன்மையை ஒரு பொருளாக எண்ணுவது. சாய்தளம் ஒரு பொருள், கைப்பிடி ஒரு பொருள், வாங்கிப் பொருத்திப் பட்டியலில் குறித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது சாலையில் தொடங்கிப் புத்தக அடுக்கு வரையிலும், அங்கிருந்து திரும்பிச் சாலை வரையிலும் செல்லும் அறுபடாத ஒரு தொடர். அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை வீண். சாய்தளம் சரியாக இருந்து, கதவின் தெளிவான திறப்பு 700 மில்லிமீட்டராக இருந்தால் நாற்காலி நுழையாது. 815க்குக் குறையக்கூடாது, 900 இருந்தால் நிம்மதி. கதவு அகலமாக இருந்து, நிலைவாசற்படி 40 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் முன்சக்கரம் அங்கேயே நின்றுவிடும். குமிழ் வடிவக் கைப்பிடி இருந்தால் முடக்குவாதத்தால் விரல்கள் இறுகியவரால் அதைத் திருக முடியாது. முழங்கையாலேயே அழுத்தித் திறக்கக்கூடிய நெம்பு வடிவக் கைப்பிடியை மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகாது. அடுக்குகளுக்கு இடையே 900 மில்லிமீட்டர் விட்டிருந்தாலும், முட்டுச்சந்தாக முடியும் வரிசையில் நாற்காலியைத் திருப்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள இடம் இல்லாவிட்டால், வந்தவர் பின்னோக்கியே வெளியேற வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். விதிநூலில் உள்ள அளவுகள் இதற்குக் கீழே போகாதே என்று சொல்லும் எல்லைகள். இவற்றையே இலக்காக வைத்துக் கட்டிய கட்டடத்தில், பூச்சு வேலையில் 20 மில்லிமீட்டர் கூடினாலே பயன் கெட்டுவிடும். இடம் இருந்தால் 1:15 அல்லது 1:20 சரிவைத் தேர்ந்தெடுங்கள். முதியவர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள், நீங்கள் சொன்ன புத்தக வண்டியைத் தள்ளும் ஊழியர்கள் எல்லாரும் அந்த வழியையே நாடுவதைக் காண்பீர்கள்.

மறுமொழி 3: வெண்கோல்

இதுவரை பேசப்பட்டதெல்லாம் சக்கரங்களைப் பற்றியதாகவே இருப்பதால் இதை எழுதுகிறேன். எனக்குப் பார்வை இல்லை. படிகளால் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஒழுங்கான உயரமும் கைப்பிடியும் உள்ள படிக்கட்டு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத சாய்தளத்தைவிட எனக்கு நல்லது.

வெள்ளைக் கோல் தரையை ஒட்டி வீசப்படும் கருவி. முழங்காலுக்கு மேலே சுவரிலிருந்து நீண்டிருக்கும் எதுவும் அதற்குப் புலப்படாது. சுவரில் மாட்டிய தீயணைப்புக் கருவி, வெளிப்புறமாகத் திறந்து நிற்கும் சன்னல் கதவு, உயரத்தில் பொருத்திய அறிவிப்புப் பெட்டி ஆகியவற்றை என் நெற்றியும் தோளும்தான் முதலில் கண்டுபிடிக்கின்றன. இதனால்தான் தரையிலிருந்து 685 மில்லிமீட்டர் முதல் 2 மீட்டர் வரையான உயரத்தில் சுவரிலிருந்து 100 மில்லிமீட்டருக்கு மேல் எதுவும் துருத்தக்கூடாது என்று அமெரிக்க விதிகள் வரையறுக்கின்றன. எல்லாவற்றிலும் கொடியது படிக்கட்டின் அடிப்பகுதி. கீழே வெற்றிடமாக இருப்பதால் கோல் தடையின்றிச் செல்லும். இரண்டடி தள்ளி, சரிந்து இறங்கும் காங்கிரீட் பலகையில் தலை மோதும். உங்கள் கட்டடத்தில் மாடிப்படி இருக்கிறது என்றீர்கள். அதன் அடியில் தலை தட்டும் பகுதியை ஒரு தாழ்வான தடுப்போ நிலையான பூந்தொட்டி வரிசையோ கொண்டு அடைத்துவிடுங்கள். இதற்குப் பொறியாளர்கூடத் தேவையில்லை.

தரையில் பதிக்கும் மேடுபள்ள ஓடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் மியாகே செய்ச்சி என்பவர் 1965இல் உருவாக்கிய இந்த ஓடுகள், 1967 மார்ச்சில் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலிருந்த சாலைக் கடவையில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று அவை உலகெங்கும் உள்ளன. அவை அழகுக்காகப் பதிப்பவை அல்ல, ஒரு மொழி. நீளக் கோடுகள் 'இந்தத் திசையில் செல்லுங்கள்' என்றும், புள்ளிகள் 'நில்லுங்கள், முன்னே படியோ கடவையோ திருப்பமோ இருக்கிறது' என்றும் சொல்கின்றன. கோடும் புள்ளியும் இடம் மாறிப் பதிக்கப்பட்ட பாதையில் நான் நடந்திருக்கிறேன். நேராகத் தூணில் கொண்டுபோய் விட்ட பாதையிலும் நடந்திருக்கிறேன். தவறான வாக்கியம் எழுதிய வழிகாட்டிப் பலகையை ஒருவரும் விட்டுவைக்க மாட்டார்கள். என் கால்கள் வாசிக்கும் பலகையை மட்டும் திருத்துவதற்கு ஆள் வருவதில்லை.

பார்வை ஓரளவு எஞ்சியிருப்பவர்கள் முழுமையாக இல்லாதவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். அவர்களுக்கு வேண்டியது நிற வேறுபாடு. படியின் விளிம்பு படியின் நிறத்திலேயே இருந்தால் அவர்களுக்கு அது வழுவழுப்பான ஒரே சரிவாகத் தெரியும். வெள்ளைச் சுவரில் வெள்ளை மின்விசை, பளபளக்கும் தரையில் எதிரொளிக்கும் விளக்கு, எந்த அடையாளமும் இல்லாத கண்ணாடிக் கதவு ஆகிய அனைத்தையும் ஒரு குவளை வண்ணப்பூச்சும் ஒட்டுத்தாளும் கொண்டே சீர் செய்யலாம். பிரெயில் பலகைகளைக் கதவின் மீது ஒட்டாமல், கைப்பிடி இருக்கும் பக்கத்துச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். கதவின் மேல் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து ஒருவர் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 4: கைமொழி

நான் காது கேளாதவள். எங்கள் தேவையைக் கட்டடத்தோடு தொடர்புபடுத்தி எவரும் நினைப்பதில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். சைகை மொழியில் பேசும் இருவர் நடந்துகொண்டே பேச வேண்டுமானால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும். குறுகிய நடைக்கூடம் அந்த உரையாடலை அறுத்துவிடுகிறது. வாஷிங்டனில் காது கேளாதோருக்காக இயங்கும் கலாடெட் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் இதையே ஒரு வடிவமைப்புத் துறையாக வளர்த்திருக்கிறார்கள். அகன்ற நடைக்கூடங்கள், எதிரே வருபவர் தெரியும் மூலைகள், முகத்தில் நிழல் விழாத பரவலான ஒளி ஆகியவை அவர்களின் அக்கறைகள். உங்கள் நூலகத்தில் நூல் வழங்கும் மேசைக்குப் பின்னால் சன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே அமர்ந்திருப்பவரின் முகம் இருளில் இருக்கும், அவரது உதடுகளை எங்களால் படிக்க இயலாது. மேசையை இடம் மாற்றினால் போதும். தீ எச்சரிக்கை மணியோடு கண் சிமிட்டும் விளக்கையும் கழிப்பறை உட்பட எல்லா அறைகளிலும் பொருத்துங்கள். மணி அடித்து அனைவரும் வெளியேறிய பின், நான் மட்டும் வாசிப்பு அறையில் அமர்ந்திருந்த நாள் ஒன்று உண்டு. அன்று நடந்தது ஒத்திகை என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது.

மறுமொழி 5: தெருமுனை

அனைவரும் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஓர் ஐயம். ஒருவருக்கு உதவுவது மற்றவருக்கு இடையூறாகும் இடங்களும் உண்டு அல்லவா? நடைபாதை விளிம்பைச் சாலையின் மட்டத்துக்குத் தாழ்த்தினால் சக்கர நாற்காலி தடையின்றி இறங்கும். பார்வையற்றவரோ தாம் சாலைக்குள் நுழைந்துவிட்டதை அறியமாட்டார். இருவரையும் ஒரே வடிவமைப்பால் நிறைவு செய்ய இயலுமா?

மறுமொழி 6: அளவுநாடா

தெருமுனை அவர்களின் ஐயம் உண்மையானது. இத்துறையில் நடந்த கடுமையான வாதங்களில் இதுவும் ஒன்று. அமெரிக்காவின் கலமசூ நகரில் 1940களிலேயே போரில் காயமுற்றவர்களுக்காக விளிம்புகள் தாழ்த்தப்பட்டன. 1970களில் பெர்க்லி நகரில் மாற்றுத்திறனாளி இளைஞர்கள் போராடி அதைப் பரவலாக்கினார்கள். அப்போது பார்வையற்றவர்கள் எழுப்பிய கேள்வியும் இதுதான். தாழ்த்திய இடத்தில் புள்ளி ஓடுகளைப் பதிப்பது பின்னர் பரவலாக ஏற்கப்பட்ட தீர்வு. சுமார் 5 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தப் புள்ளிகளைக் காலும் கோலும் உணரும், சக்கரம் கடந்துவிடும். முதுகுத்தண்டில் வலி உள்ளவர்களுக்கு அந்த அதிர்வு துன்பம் தருகிறது என்பதால், தேவையான அகலத்துக்கு மேல் அதை விரிக்கக்கூடாது. எல்லாருக்கும் முற்றிலும் உகந்ததை அடைந்துவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. யாருடைய இடையூறு எவ்வளவு என்பதை அவர்களிடமே கேட்டு முடிவு செய்திருக்கிறார்கள் என்பதுதான் அந்தத் தீர்வை மதிக்கத்தக்கதாக ஆக்குகிறது.

'அனைவருக்குமான வடிவமைப்பு' என்ற கருத்தை முன்வைத்த ரொனால்ட் மேஸ், சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த கட்டடக் கலைஞர். அவரும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஏழு கோட்பாடுகளில் முதலாவது, சமமான பயன்பாடு. ஒருவரை முன்வாசலிலும் மற்றொருவரைக் குப்பைத் தொட்டிக்கு அருகிலுள்ள பின்வாசலிலும் அனுமதிப்பது அந்தக் கோட்பாட்டுக்கு முரண். ஆனால் எப்போதும் ஒரே வழிதான் இருக்க வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தவில்லை. படிக்கட்டும் சாய்தளமும் ஒரே வாசலுக்கு இட்டுச் சென்றால் அது பிரித்து வைத்தல் ஆகாது.

கேள்வி கேட்டவர் மீண்டும்: நூலகக் குழு உறுப்பினர்

அனைவருக்கும் நன்றி. இந்த மறுமொழிகளை அச்சிட்டுக் குழுவுக்குக் கொடுத்தேன். அதன்பின் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஓர் அம்மையாரையும் பார்வையற்ற ஓர் ஆசிரியரையும் அழைத்து, ஒரு முற்பகல் முழுவதும் கட்டடத்தைச் சுற்றி வந்தோம். அளவுநாடாவை நானே பிடித்தேன். சாய்தளத்தின் உச்சியில் சமதளம் இல்லை. முன்கதவின் திறப்பு 780 மில்லிமீட்டர். மாடிப்படியின் அடியில் ஆசிரியர் தலை மோதவிருந்த நொடியில் அவர் கையைப் பற்றி நிறுத்தினேன். பத்து ஆண்டுகளாக அந்த இடத்தைத் தினமும் கடந்து செல்கிறேன், அப்படி ஓர் ஆபத்து அங்கே இருப்பதை ஒருமுறையும் கண்டதில்லை. கழிப்பறைக் கதவு உட்புறமாகத் திறக்கிறது. அகலம் 650 மட்டுமே.

வண்ணப்பூச்சு, கைப்பிடிகள், மேசை, படிக்கட்டின் அடிப்பகுதி ஆகியவற்றை இந்த மாதமே சரி செய்யக் குழு ஒப்புக்கொண்டது. பெரிய வேலைகளில் முன்வாசலுக்கும் சாய்தளத்துக்கும் இந்த ஆண்டு, கழிப்பறைக்கு அடுத்த ஆண்டு என்று பிரிக்கலாம் என்கிறார்கள். இந்த வரிசை சரிதானா?

மறுமொழி 7: சக்கரவழி

நீங்கள் சுற்றி வந்து பார்த்ததற்கு நன்றி. வரிசையை மட்டும் மறு ஆய்வு செய்யும்படி வேண்டுகிறேன். வாசல் திறந்து கழிப்பறை திறக்காத கட்டடத்துக்குச் செல்லும் நாளில், என்னைப் போன்றவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். தண்டுவடக் காயம் உள்ளவருக்கு அது சிறுநீரகத்தோடு விளையாடுவதாகும். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே தங்கமாட்டோம். நூலகமோ நாள் முழுவதும் இருக்க வேண்டிய இடம்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய வழியே இல்லை என்றால், கழிப்பறையில் கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றி அகலப்படுத்துவதையாவது இந்த ஆண்டு வேலையோடு சேருங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறமாகத் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துக்கொள்ளும். கழிப்பிருக்கையின் ஒரு பக்கத்தில் நாற்காலியை நிறுத்த 900 மில்லிமீட்டர் இடம் விட்டு, மறுபக்கச் சுவரில் கைப்பிடி பொருத்தச் சொல்லுங்கள். அவசர அழைப்புக் கயிறு வைப்பீர்களானால் அது தரை வரை தொங்க வேண்டும். துப்புரவு செய்பவர்கள் இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை மேலே சுருட்டிக் கட்டிவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது எதற்காகத் தொங்குகிறது என்பதை அவர்களுக்கு முதல் நாளே விளக்கிவிடுங்கள்.